சீலுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை சுருங்கி ஒட்டியிருக்கும். அது கிழிந்து வந்தால் கேனைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அந்த உறையை மாட்டுவதற்குத் தேவைப்படுவது ஒரு கட்டு பிளாஸ்டிக் வளையங்களும் சூடான காற்றை ஊதும் கருவியும்தான். உள்ளே இருக்கும் தண்ணீரை எங்கே பிடித்தார்கள், எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதெல்லாம் உறைக்குத் தெரியாது. சமையல் எரிவாயு விஷயத்தில் நாம் இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள். சிலிண்டரின் சீல் சரியாகவே இருந்தாலும், உள்ளே 14.2 கிலோ இருக்கிறதா என்று எடை போட்டுக் காட்டச் சொல்லலாம் என்பது தெரியும். சந்தேகம் வந்தால் கேட்கவும் செய்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து ஆன்லைனில் வாங்கிய புது போனின் பெட்டி சீல் பிரிந்து வந்தால் மட்டும் இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது. ஒரு சாரார், பழைய போனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுகிறார்கள். இன்னொரு சாரார் ஆன் செய்து பார்த்துவிட்டு, ‘ஓடுதுல்ல, போகட்டும்’ என்று சிம்மைப் போட்டுவிடுகிறார்கள். முதல் சாரார் அவசரக்காரர்கள். இரண்டாம் சாரார் தங்கள் கையில் இருந்த வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்பவர்கள். சீல் பிரிந்ததா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நம் கைக்கு வருவதற்கு முன்பே இந்த போன் ஒருமுறை உயிர் பெற்றுவிட்டதா? அதற்கான விடை அட்டைப் பெட்டியில் கிடைக்காது. தயாரித்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் போனின் நினைவிலும் இருக்கிறது. சீல் பிரிந்திருப்பது அந்தப் பதிவைத் தேடிப் போவதற்கான காரணம் மட்டுமே.

சீலின்மேல் நமக்குள்ள இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1982 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில், கடையில் வாங்கிய டைலனால் மாத்திரையை விழுங்கிய ஏழு பேர் இறந்தார்கள். குப்பிகளைத் திறந்து கேப்சூலுக்குள் யாரோ சயனைடைக் கலந்திருந்தார்கள். தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளுக்குத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் உறை கட்டாயம் என்று அமெரிக்க அரசு விதித்தது. கொலை செய்தது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை; குப்பியின் வாயில் ஒட்டிய தாள் மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உயிர் காக்கும் பொருளுக்கு வந்த அந்த மரியாதையைத்தான் இருமல் மருந்திலிருந்து செல்போன் வரை எல்லாப் பெட்டிகளும் கடன் வாங்கிக்கொண்டன. ஆனால் சீலைப் பற்றி நிபுணர்கள் அவ்வளவு உயர்வாக எண்ணுவதில்லை. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரோஜர் ஜான்ஸ்டன் தலைமையில் இயங்கிய குழு நூற்றுக்கணக்கான சீல் வகைகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவற்றை எளிதில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே தடயமின்றி ஏமாற்ற முடியும் என்று காட்டியது. போன் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் எம்மாத்திரம்? சூடு காட்டினால் பசை இளகும். உறைகளும் ஸ்டிக்கர்களும் கட்டுக் கட்டாக விலைக்குக் கிடைக்கின்றன. சீல் பிரித்த பெட்டி பழைய போனுக்குச் சான்று ஆகாது என்றால், சீல் வைத்த பெட்டி புது போனுக்கும் சான்று ஆகாது. திறமையான மோசடிக்காரர் சீலைப் பிரித்தபடி அனுப்ப மாட்டார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சீல் பிரிந்து வந்த பெட்டி பல சமயம் அலட்சியத்தின் அடையாளம். தேர்ந்த ஏமாற்று அழகாக ஒட்டியே வரும்.

‘சீல்’ என்ற சொல்லுக்கே ஒரே பொருள் இல்லை. பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றும் பழக்கத்தை ஆப்பிள் 2021-இல் ஐபோன் 13 வரிசையோடு கைவிட்டது. இதனால் 600 டன் பிளாஸ்டிக் மிச்சம் என்று அறிவித்தது. அதன்பின் வரும் பெட்டியில் இழுத்துக் கிழிக்கும் காகித நாடா மட்டும் இருக்கும். பழைய நினைவில் பிளாஸ்டிக் உறையைத் தேடுபவர், பிரிக்கப்படாத பெட்டியையே பிரித்த பெட்டி என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேறு நிறுவனங்கள் ஓரங்களில் சிறு ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் ஊர்க் கோடையில், லாரிக்குள் வெந்து வரும் பெட்டியில் அது தானாகக் கழன்றுகொள்வதும் நடக்கும். சட்டமும் இங்கே சீலைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவைப் பொட்டலப் பொருள் விதிகள், பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன. போன் பெட்டிக்குச் சீல் வைத்தே தீர வேண்டும் என்று கேட்பதில்லை. ஆகவே ‘சீல் இல்லை, அதனால் பணத்தைத் திருப்பிக் கொடு’ என்ற ஒற்றை வரிப் புகாருக்கு நாம் நினைக்கும் அளவுக்குச் சட்ட வலு கிடையாது. இதைக் கசப்போடு ஏற்றுக்கொண்டால்தான் வலுவான புகார் எது என்பது விளங்கும்.

அதற்கு முதலில் பெட்டி ஏன் பிரிந்திருக்கலாம் என்று பார்க்க வேண்டும். காரணங்கள் பல, எல்லாம் ஒரே தரத்துக் குற்றங்கள் அல்ல. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வழியில் நடக்கும் திருட்டு: போனை எடுத்துவிட்டு, அதன் எடைக்குச் சமமாகச் சோப்புக் கட்டியையோ ஓட்டுச் சில்லையோ வைப்பது. எடை பொருந்த வேண்டும் என்பதில் ஒரு கணக்கு உண்டு, ஏனென்றால் பார்சல் நிறுவனங்கள் தங்கள் மையங்களில் எடை போட்டுப் பதிவு செய்கின்றன. இந்த வகையில் ஏமாற்று பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடுவதால் இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. குழப்பமானது, போன் உள்ளே இருந்து, ஓடவும் செய்து, பெட்டி மட்டும் பிரிந்திருக்கும் நிலை. முந்தைய வாடிக்கையாளர் ஒருவர் வாங்கி, நிறம் பிடிக்காமலோ கேமரா திருப்தி தராமலோ திருப்பி அனுப்பியதை மீண்டும் அலமாரியில் ஏற்றியிருக்கலாம். வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கும் ‘ஓப்பன் பாக்ஸ்’ டெலிவரி முறையும் இதற்குத் தீனி போடுகிறது: சீலை டெலிவரி ஊழியரே உடைக்கிறார், வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் சீல் உடைந்த, ஒருமுறைகூட ஆன் ஆகாத ஒரு போன் கிடங்குக்குத் திரும்பிப் போகிறது. வாடிக்கையாளரைக் காக்க வந்த ஏற்பாடு அடுத்த வாடிக்கையாளருக்குச் சந்தேகத்தை அனுப்பி வைக்கிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இன்னொரு காரணம் வாங்குபவர்களுக்கு அதிகம் தெரியாதது. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அன்றாடச் செய்தி. போன் நிறுவனங்கள் கடைக்காரருக்குத் தரும் ஊக்கத்தொகை, எத்தனை போன் வாங்கினார் என்பதோடு எத்தனை போன் ‘ஆக்டிவேட்’ ஆனது என்பதையும் பொறுத்தது. போன் முதன்முதலாக இணையத்தைத் தொடும்போது அதன் விவரம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேரும், அதுதான் ஆக்டிவேஷன். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்றால், கடைக்காரர் விற்காத பெட்டிகளைப் பிரித்து, போனை ஆன் செய்து, வைஃபையில் ஒருமுறை இணைத்து, அழித்து, மறுபடி பெட்டியில் வைத்துவிடலாம். கணக்குப்படி போன் விற்றாகிவிட்டது. கைப்படி இன்னும் கடையில் இருக்கிறது. அந்தச் சரக்கு பிறகு சற்று மலிவாக ஆன்லைன் சந்தைக்குள் வழிந்து வருகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் வங்கி அட்டைச் சலுகையோடு வாங்கி, லாபம் வைத்துக் கைமாற்றுபவர்களின் சரக்கும் இதே வாய்க்காலில் கலக்கிறது. வெளிநாட்டுச் சந்தைகளில் காரணம் மாறும், விளைவு ஒன்றுதான். 2013-இல் சாம்சங், ஐரோப்பாவில் கேலக்ஸி நோட் 3 தொடங்கி, அந்தந்தப் பகுதியின் சிம்மில் முதலில் இயக்கினால்தான் பிற பகுதி சிம் வேலை செய்யும் என்று பூட்டு போட்டபோது, ஏற்றுமதி செய்பவர்கள் பெட்டியைப் பிரித்துப் பூட்டைத் திறந்தே அனுப்ப வேண்டியிருந்தது. சீனச் சந்தைக்கான போனில் ஆங்கில மென்பொருளை ஏற்றி அனுப்பிய வியாபாரிகளும் அப்படித்தான்.

இந்த எல்லா வகைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. சீல் போனது எல்லாவற்றுக்கும் பொது. ஆக்டிவேட் ஆனதா, ஆகவில்லையா என்பதில்தான் அவை பிரிகின்றன. ஆக்டிவேட் ஆகாத போனில் வாங்கியவர் இழந்தது ஒரு ஸ்டிக்கர். ஆக்டிவேட் ஆனதில் அவர் இழந்தது உத்தரவாதத்தின் சில வாரங்களோ மாதங்களோ. முதல் உரிமையாளர் என்ற நிலை. போனுக்குள் வேறு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் வழி. உத்தரவாதம் பில் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாலும், பில்லை முன்வைக்காதவரை நிறுவனத்தின் கணினி ஆக்டிவேஷன் தேதியைத்தான் காட்டும். பதினொன்றாம் மாதம் திரை பழுதாகி சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, உத்தரவாதம் போன மாதமே முடிந்துவிட்டது என்று கேட்டுத் திடுக்கிடுவது இந்த வழியில்தான்.

எனவே பெட்டி பிரிந்து வந்தால் செய்ய வேண்டியவற்றில் வரிசைதான் உயிர்நாடி. போனை ஆன் செய்வதற்கு முன்னால் பெட்டியின் அடிப்பக்கத்து லேபிளைப் படம் எடுக்க வேண்டும்; போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் அங்கேதான் இருக்கும், இரண்டு சிம் வசதி என்றால் இரண்டு எண்கள். ஆன்லைன் பில்லிலும் பெரும்பாலும் அந்த எண் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். வெளிப் பார்சலின் மேல் உள்ள சீட்டில் எடை இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளலாம், பார்சல் அட்டையைக் குப்பையில் போடக் கூடாது. பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 2023 மே மாதம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதே சோதனை உண்டு. போனின் நிறுவனம், மாடல் ஆகியவற்றோடு, அந்த எண் கருப்புப் பட்டியலில் உள்ளதா, வேறு கருவியின் நகலா, ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதா என்பதும் தெரியும். மூன்றில் எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்பது அரசே தரும் அறிவுரை. அடுத்தது நிறுவனத்தின் பதிவு. ஆப்பிளின் உத்தரவாதப் பக்கத்தில் வரிசை எண்ணை இட்டால் உத்தரவாத நிலை தெரிந்துவிடும். மற்ற பல நிறுவனங்களில் வாடிக்கையாளர் சேவையில் பேசியோ சர்வீஸ் சென்டரில் நேரில் கேட்டோ ஆக்டிவேஷன் தேதியைப் பெறலாம். வாய்ச்சொல்லாக வாங்கக் கூடாது, மின்னஞ்சலிலோ சாட் பதிவிலோ வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பெட்டியின் லேபிளில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் போனின் எண்ணும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உறுதி? புதுப் பெட்டிக்குள் பழைய போன் என்பது பழகிய ஏமாற்றுதானே? உண்மை. போனை ஆன் செய்யாமல் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஆன் செய்வது வேறு, ஆக்டிவேட் செய்வது வேறு. சிம் போடாமல், வைஃபை கொடுக்காமல் ஆன் செய்தால், ஐபோனின் வரவேற்புத் திரையில் உள்ள சிறு ‘ஐ’ குறியைத் தொட்டதும் எண் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் தொடக்கத் திரையிலேயே இருக்கும் அவசர அழைப்புப் பலகையில் *#06# என்று அடித்தால் பெரும்பாலும் போதும். எண் பொருந்தவில்லை என்றால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. திரையையும் லேபிளையும் ஒரே படத்தில் சேர்த்து எடுத்தால் வழக்கு பாதி முடிந்தது. இணையத்தைத் தந்துவிட்டால்தான் சிக்கல். முன்பே நடந்த ஆக்டிவேஷனின் தேதி நிறுவனத்தின் பதிவில் அப்படியேதான் இருக்கும், அதை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் போன் இப்போது நம் பெயரிலும் உயிர் பெற்றுவிட்டது. பயன்பாட்டில் இருக்கிறது என்று அரசுப் பதிவு சொன்னால் அது யாருடைய பயன்பாடு என்று கேட்பார்கள். முன்பு ஆக்டிவேட் ஆகாத போன் என்றால், அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கும் காரணத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாக ஆகும்.

போனே தன் வரலாற்றைச் சொல்லும் காலம் வந்துகொண்டிருக்கிறது என்பது இதில் நல்ல செய்தி. ஐபோன் 15 முதல், பேட்டரி எப்போது தயாரானது, எப்போது முதலில் பயன்பட்டது, எத்தனை முறை முழுச் சுழற்சி கண்டது என்பதை அமைப்புகளிலேயே பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளில், பேட்டரியின் முதல் பயன்பாட்டுத் தேதி உள்ளிட்ட இந்த விவரங்கள் பயன்படுத்துபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை இருக்கிறது; ஆகவே பிரித்த பெட்டிகள் அங்கே குவிவது இயல்பு, அவற்றைப் பிரித்தவை என்று சொல்லியே விலை குறைத்து விற்கும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் ஆன்லைன் கொள்முதலுக்கு அப்படி ஒரு பொது உரிமை இல்லை. இங்கே திரும்பி வரும் சரக்கு குறைவு என்று எண்ணிவிட வேண்டாம்; பிரித்தது என்று சொல்லி விற்கும் கட்டாயம்தான் குறைவு.

சட்டம் நமக்குத் தரும் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(47) பிரிவில், நேர்மையற்ற வணிக நடைமுறை எவையெவை என்று பட்டியலிடுகிறது. மறுசீரமைத்த, ஒருவர் கைபட்ட, புதுப்பித்த, பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவது அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. சீல் என்ற சொல்லை அந்தப் பிரிவு தேடவில்லை. பொருளின் நிலையையும் விற்றவர் சொன்ன சொல்லையும் எதிரெதிரே நிறுத்துகிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது விற்பனையாளர் கடமைகளைச் சொல்லும் 6-ஆம் விதி. இணையதளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரியைத் தர வேண்டும்.

இங்கேதான் புகாரின் சொல் முக்கியமாகிறது. ஆன்லைன் புகார்ப் பட்டியலில் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ‘பொருள் பழுது’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு தொழில்நுட்ப ஊழியர் வருவார் அல்லது சர்வீஸ் சென்டரில் ‘வந்தபோதே செத்தது’ என்று பொருள்படும் டி.ஓ.ஏ. சான்று வாங்கி வரச் சொல்வார்கள். போன்தான் நன்றாக ஓடுகிறதே! சோதித்தவர் குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார், புகாரும் முடிந்ததாக மூடப்படும். ஏழு நாள் மாற்றுக் கெடுவும் அதற்குள் கரைந்திருக்கும். நம் புகார் பழுதைப் பற்றியதே அல்ல. ‘புதிய போன் என்று விளம்பரம் செய்து, பில் தேதிக்கு இத்தனை நாள் முன்பே ஆக்டிவேட் ஆன போனை அனுப்பியிருக்கிறீர்கள்’ என்பதுதான் புகார். அதற்கு ஏற்ற வரியைத் தேர்ந்து, ஐஎம்இஐ, ஆக்டிவேஷன் தேதி, பில் தேதி மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே எழுத வேண்டும். சீல் பிரிந்திருந்தது என்பது இரண்டாவது வாக்கியத்தில் வந்தால் போதும்.

நிறுவனங்களின் பக்கம் இருந்து எழும் பதில்களில் மிகப் பழக்கமானது, ‘நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு’ என்பது. இதற்கு ஓர் அடிப்படை உண்டு. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தாங்களே சரக்கு வைத்து விற்கக் கூடாது, விற்ற பொருளின் உத்தரவாதப் பொறுப்பு விற்பனையாளருடையது என்பது மத்திய அரசின் முதலீட்டுக் கொள்கை. 2019 பிப்ரவரி முதல் அது மேலும் இறுகியது. ஆனால் அந்தக் கொள்கை முதலீட்டுக்கு வரம்பு கட்ட வந்தது. வாங்கியவரின் கையைக் கட்ட வந்ததல்ல. குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்ற கடமை சந்தையின் தலையில்தான் இருக்கிறது. சந்தையையும் விற்பனையாளரையும் சேர்த்தே பொறுப்பாக்கிய நுகர்வோர் ஆணைய உத்தரவுகளும் பல உண்டு. ஆகவே புகாரில் இருவரையும் சேர்ப்பதே முறை.

இரண்டாவது பதில் கனமானது. திருப்பி அனுப்புவதிலும் மோசடி நடக்கிறது, புதுப் போனை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் சொல்லை அப்படியே நம்பிவிட முடியாது என்கிறார்கள். பொய் இல்லை. பெட்டி திறக்கும் காட்சியை வெட்டாமல் வீடியோ எடுத்தால்தான் புகாரை ஏற்போம் என்று சில விற்பனையாளர்கள் நிபந்தனை போடுவதும் இந்த அச்சத்தால்தான். வீடியோ எடுப்பது நல்லது. லேபிள் தெளிவாகத் தெரியும்படி, பார்சல் பிரிப்பதிலிருந்து தொடங்கி எடுப்பது இன்னும் நல்லது. அது இல்லை என்பதற்காக உரிமை போய்விடாது. மின்வணிக விதிகள் எங்கேயும் வீடியோ கேட்கவில்லை. மாவட்ட ஆணையம் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே விசாரிக்கிறது. வீடியோவைவிட ஆக்டிவேஷன் பதிவு வலுவான சாட்சி என்பதையும் கவனிக்க வேண்டும். வீடியோவை வாங்கியவர் எடுக்கிறார், அதைச் சந்தேகிக்கலாம். ஆக்டிவேஷன் தேதி மூன்றாம் தரப்பின் கணினியில் இருக்கிறது. டெலிவரிக்கு முந்தைய தேதி அதில் இருந்தால், அப்போது போன் நம் கையில் இல்லவே இல்லை என்பதை எதிர்த்தரப்பின் பார்சல் பதிவே நிரூபித்துவிடும். மோசடியை உண்மையிலேயே தடுக்க நினைக்கும் நிறுவனம், அனுப்பும்போதும் திரும்ப வாங்கும்போதும் ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்து ஒப்பிட்டால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் வாடிக்கையாளரின் சமையலறையில் கேமரா வைக்கச் சொல்வது, தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது.

மூன்றாவது, ‘பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு யார் கோர்ட்டுக்கு அலைவது?’ என்று நம் பக்கத்திலிருந்தே எழும் சலிப்பு. அலைச்சல் முன்பு போல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் புகார் சொல்லலாம். வழக்குக்கு முந்தைய அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும் புகார்கள் உண்டு. தீரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விற்பனையாளர் ஹரியானாவில் இருந்தாலும் திருநெல்வேலியில் வசிப்பவர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். கால வரம்பு இரண்டு ஆண்டு. வரிச் சலுகைக்காக நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு வாங்கியவர்கள் மட்டும், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்ற எதிர்வாதத்தைச் சந்திக்க நேரலாம். சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆனால் நோட்டீஸ் போன பிறகு தொலைபேசியில் பேசும் குரல் மாறுவதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

‘ஓடுதுல்ல, போகட்டும்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய போன் என்பது வங்கிச் சாவி. யாரோ திறந்து, மென்பொருளை மாற்றி ஏற்றிய போனில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சிஸ்டம் பகுதிக்குள் பதுங்கிய நிரல் ரீசெட்டுக்கு அசையாது. பிரபல மாடல்களின் போலிகளில், வாங்கும்போதே ட்ரையாடா என்ற தீநிரல் குடியிருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025-இல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போன் தொடங்கும்போது பூட்லோடர் என்ற தொடக்க நிரல் பூட்டில்லாமல் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கைத் திரை வந்தால், அந்த போனில் ஓ.டி.பி. வரவழைப்பது திறந்த வீட்டில் பீரோ சாவியைத் தொங்கவிடுவது போலத்தான். அந்த நிலையில் விலைக் குறைப்பு, பேரம் எதற்கும் இடம் கிடையாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பெட்டி பிரிந்திருக்கிறது, எண்கள் பொருந்துகின்றன, அரசுப் பதிவு சுத்தம், ஆக்டிவேஷன் ஆகவே இல்லை என்ற நிலைதான் கடினமானது. இதைப் பழையது என்று ஆணையத்தில் நிரூபிப்பது எளிதல்ல. அப்படி வாதிடுவது நேர்மையா என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் முழு விலை கொடுத்தவருக்குப் பெட்டி பிரிக்காத போனை எதிர்பார்க்கும் நியாயம் இருக்கிறது. பிரித்ததை முன்கூட்டியே சொல்லாமல் விற்றது விற்பனையாளரின் தவறு. மாற்றித் தரும் கெடுவுக்குள் மாற்றுக் கேட்பதே சுலபம். கையிருப்பு இல்லை என்றோ தள்ளுபடி விலை மறுபடி கிடைக்காது என்றோ தோன்றினால் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆக்டிவேட் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது, மற்ற எல்லாம் சரி என்பவர்களும் இந்த முடிவுக்கு வரலாம். பில்லைக் கொடுத்து உத்தரவாதத் தொடக்கத் தேதியைத் திருத்தித் தரும் வழி ஆப்பிளில் உண்டு, மற்ற நிறுவனங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். விற்பனையாளர் பிரித்த பெட்டி என்பதை ஒப்புக்கொண்டு தரும் விலைக் குறைப்பும், தயாரிப்பாளர் தரும் தேதித் திருத்தமும் எழுத்தில் மின்னஞ்சலுக்கு வந்து சேரும்வரை சிம் தட்டை வெளியே இழுக்காமல் இருந்தால் போதும்.